பழைய டிராக் சைக்கிள் பிரேம்: கோளாறா, அமைப்பே அப்படியா? அறிகுறிவாரியாகப் பார்க்கும் முறை

வெலோட்ரோமுக்கென்று (சரிவான சைக்கிள் பந்தய ஓடுதளம்) கட்டிய பழைய ஸ்டீல் பிரேம் கைக்கு வந்ததும் நிறையப் பேர் அரத்தையும் ஸ்பேனரையும்தான் முதலில் தேடுகிறார்கள். ஷூ நுனி முன்சக்கரத்தில் இடிக்கிறது. பின்சக்கரம் சீட் டியூபை (சேணத்துக்குக் கீழே இறங்கும் குழாய்) ஒட்டி நிற்கிறது. ஃபோர்க்கில் பிரேக் துளை இல்லை. ஆக்சில் நுழையும் வாய் பின்பக்கம் பார்த்துத் திறந்திருக்கிறது. இதெல்லாம் கோளாறு போலத் தெரியும். உண்மையில் இவை ஒவ்வொன்றும் கட்டியவர் தெரிந்து செய்தவை. அதே பிரேமில் 2 மி.மீ. விலகிய பின்முனையோ (பின் ஆக்சிலைப் பிடிக்கும் தகடு), முன்மோதலில் பின்னால் ஒடுங்கிய ஃபோர்க்கோ கண்ணுக்குப் படாமலே இருக்கும். அவைதான் உண்மையான கோளாறு. அதனால் அரத்தைத் தொடுவதற்கு முன்னால் அளவெடுக்க வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் அந்த வரிசைதான்: முதலில் அளவு, பிறகு காரணம், கடைசியில் கை.

முதலில் எடுக்க வேண்டிய அளவுகள்

தேவையானவை ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு மீட்டர் நீள எஃகு அளவுகோல், நல்ல பருத்தி நூல், சாய்வுக் கோணம் காட்டும் கருவி. கோணத்துக்கு ஃபோனில் உள்ள ரசமட்டச் செயலியே போதும். முதலில் தரையின் சாய்வை அளந்து, அதைக் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு சக்கரத்திலும் ஒரே பருமனுள்ள டயர் இருக்க வேண்டும், காற்றும் நிரம்பியிருக்க வேண்டும். முன் டயர் 3 மி.மீ. தடிமனாக இருந்தால்கூடக் கோணம் 0.2 டிகிரி அளவுக்கு மாறிவிடும்.

குறித்துக்கொள்ள வேண்டியவை: ஹெட் டியூப் (கைப்பிடிக்குக் கீழே உள்ள முன்குழாய்) கோணம், சீட் டியூப் கோணம், பி.பி. (பாட்டம் பிராக்கெட், கிராங்கின் அச்சு சுழலும் இடம்) நடுவிலிருந்து தரை வரை உயரம், பி.பி. நடுவிலிருந்து முன் ஆக்சில் வரை தூரம், இரண்டு ஆக்சில்களுக்கும் இடையிலான தூரம், பின்முனைகளின் உள்ளகலம், ஃபோர்க்கின் ரேக். ஸ்டீரர் குழாயின் (ஹெட் டியூபுக்குள் நுழையும் ஃபோர்க் தண்டு) நடுக்கோட்டை நேராக நீட்டினால் முன் ஆக்சில் அதிலிருந்து எவ்வளவு முன்னால் தள்ளியிருக்கிறதோ, அதுதான் ரேக். ஃபோர்க்கைக் கழற்றி, ஸ்டீரரை இரண்டு சம உயரக் கட்டைகளில் தரைக்கு இணையாகக் கிடத்தி, அதன் நடுக்கோட்டு உயரத்தையும் ஆக்சில் நடுவின் உயரத்தையும் அளந்து கழித்தால் கிடைத்துவிடும். வண்டியில் மாட்டியிருந்தபடியே அளக்கும் ரேக்கை நம்ப வேண்டாம்.

இந்த எண்களை எதனுடன் ஒப்பிடுவது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். பழைய டிராக் பிரேம் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. 1930களிலும் 40களிலும் பிரிட்டனில் கட்டிய பிரேம்கள் பல, வார நாளில் சாலைக்கும் சனிக்கிழமை ஓடுதளத்துக்கும் சேர்த்துக் கட்டியவை. அவற்றின் கோணம் 71 முதல் 73 டிகிரி, ரேக் 50 மி.மீ.க்கு மேலும் போகும், மட்கார்டுக்கு இடம் இருக்கும், சிலவற்றில் மட்கார்டு மாட்டும் காதுகூட உண்டு. 1950களுக்குப் பிந்தைய இத்தாலிய பிஸ்தா (டிராக்) பிரேம்கள் 74–75 டிகிரி, ரேக் 30 முதல் 40 மி.மீ., டயருக்கும் கிரௌனுக்கும் (ஃபோர்க்கின் இரு கால்களும் சேரும் தலை) நடுவே விரல் நுழையாது. 1948இல் கொகுராவில் தொடங்கிய ஜப்பானின் கெய்ரின் பந்தயத்துக்கான பிரேம்கள் இந்த இரண்டாவது குடும்பத்தைச் சேர்ந்தவை, பின்னகலம் 120 மி.மீ. 72 டிகிரி பிரிட்டிஷ் பிரேமை 75 டிகிரி அளவுகோலால் அளந்துவிட்டு 'வளைந்துபோச்சு' என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. டாப் டியூப் தரைக்கு இணையாக இருக்கிறதா, ஹெட் டியூபும் சீட் டியூபும் ஏறக்குறைய இணையாகப் போகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் பிரேம் பிறந்த வடிவத்தில்தான் இருக்கிறது.

கைப்பிடி படபடக்கிறது, முன்சக்கரம் நேராக நிற்க மறுக்கிறது

இங்கே பார்க்க வேண்டியது டிரெயில். ஹெட் டியூபின் நடுக்கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும், டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையிலான தூரம் அது. டயர் பின்னால் இழுபட்டு வருவதால்தான் சக்கரம் தானே நேராகிறது. கணக்கு இது: சக்கரத்தின் ஆரத்தை ஹெட் கோணத்தின் கொசைனால் பெருக்கி, ரேக்கைக் கழித்து, அதே கோணத்தின் சைனால் வகுக்க வேண்டும். டியூபுலர் (ரிம்மில் பசையால் ஒட்டும்) டயர் போட்ட வழக்கமான சக்கரத்தின் ஆரம் ஏறக்குறைய 335 மி.மீ.

75 டிகிரி, 35 மி.மீ. ரேக் என்றால் டிரெயில் 53 அல்லது 54 மி.மீ. வரும். 74 டிகிரி, 38 மி.மீ. என்றால் 56 சொச்சம். 73 டிகிரி, 45 மி.மீ. சாலை பிரேமிலும் 55தான். கோணம் நிமிர நிமிர ரேக்கைக் குறைத்துக் கட்டியதன் காரணம் இதுதான், டிரெயில் ஓரிடத்தில் நிற்க வேண்டும்.

இப்போது அதே 75 டிகிரி பிரேமில், அசல் ஃபோர்க் தொலைந்துபோய், யாரோ 45 மி.மீ. ரேக் உள்ள சாலை ஃபோர்க்கைப் போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். டிரெயில் 43 மி.மீ.க்கு இறங்கிவிடும். சாலை ஃபோர்க் நீளமாகவும் இருக்கும். 10 மி.மீ. நீளம் கூடினால் முன்பக்கம் தூக்கி, ஹெட் கோணம் 0.6 டிகிரி அளவுக்குச் சாயும். அதனால் டிரெயில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், ஆனால் இழந்ததில் பாதிகூடத் தேறாது. பி.பி.யும் சீட் டியூபும் சேர்ந்தே இடம் மாறிவிடும். பழைய டிராக் பிரேம் படபடப்பதற்கு இந்த மாற்று ஃபோர்க்கே பெரும்பாலும் காரணம். 30–38 மி.மீ. ரேக் உள்ள ஃபோர்க்கைத் தேடிப் போடுவதுதான் வழி. இருக்கிற ஃபோர்க்கை வளைத்து ரேக்கைக் குறைக்க வேண்டாம். பிளேடின் (ஃபோர்க் காலின்) மெல்லிய கீழ்ப்பகுதி ஒருமுறை குளிர்நிலையில் வளைத்துச் செய்யப்பட்டது, மறுபடி எதிர்ப்பக்கம் வளைத்தால் உள்பக்கம் மடிப்பு விழும்.

ஃபோர்க் அசலாகவே இருந்து, முன்னால் நன்றாக ஓடிய வண்டி இப்போது படபடக்கிறது என்றால் பிரேமைப் பாருங்கள். முன்மோதலில் ஃபோர்க் தாங்கி நின்று, டவுன் டியூபும் டாப் டியூபும் ஹெட் லக்குக்கு (குழாய்கள் சேரும் இணைப்புக் கூடு) சற்றுப் பின்னால் மடங்கியிருக்கலாம். டவுன் டியூபின் அடிப்பக்கத்தை லக்கிலிருந்து 3–5 செ.மீ. பின்னால் விரல் நுனியால் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். பெயிண்டில் குறுக்காக முடிபோல வெடிப்பு இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஹெட் கோணம் 75லிருந்து 77ஆக நிமிர்ந்தால் டிரெயில் 41 மி.மீ.தான் மிஞ்சும். மேடு விழுந்த குழாயை நிமிர்த்தி ஓட்டக் கூடாது. லேசான மேட்டோடு பிரேமைச் சுவரில் மாட்டி வைக்கலாம், ஓடுதளச் சரிவில் ஏற்றக் கூடாது. தகுந்த பிரேம் தொழிலாளி அந்தக் குழாயை மாற்றித் தருவார். ரெனால்ட்ஸ் 531, கொலம்பஸ் போன்ற குழாய்களில் லக் வைத்துக் கட்டியவற்றுக்கு இது செய்யக்கூடிய வேலைதான்.

இதையெல்லாம் தேடும் முன் ஹெட்செட்டில் (ஃபோர்க் திரும்பும் பேரிங்) ஆட்டம் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள். முன்சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்து, மேல் கப்பில் விரலை வைத்து முன்னும் பின்னும் அசைத்தால் போதும்.

ஷூ நுனி முன்சக்கரத்தில் இடிக்கிறது

கணக்குப் போட்டால் பயம் போய்விடும். பி.பி. நடுவிலிருந்து முன் ஆக்சில் வரை 570 மி.மீ. என்று வைப்போம். சக்கர ஆரம் 335, கிராங்க் 165, பெடல் நடுவுக்கு முன்னால் ஷூவும் டோ-கிளிப்பும் சேர்ந்து ஏறக்குறைய 105. கூட்டினால் 605. அதாவது 35 மி.மீ. ஒன்றோடொன்று மேலேறும். ஓடுதளத்தில் வேகமாகப் போகும்போது கைப்பிடி ஓரிரு டிகிரிக்கு மேல் திரும்புவதில்லை, அதனால் இடிக்காது. நின்று திரும்பும்போது மட்டும் இடிக்கும். இது அமைப்பு, சரிசெய்ய ஒன்றுமில்லை.

முன்பு இல்லாமல் புதிதாக இடிக்க ஆரம்பித்தால், அல்லது டவுன் டியூபை டயர் தொடுகிற மாதிரி நெருங்கி வந்தால், ஃபோர்க் பின்னால் ஒடுங்கியிருக்கிறது. பக்கவாட்டில் நின்று, நேரான கோலை ஹெட் டியூபின் நடுக்கோட்டில் பிடித்துக் கீழே நீட்டுங்கள். பழைய ஸ்டீல் ஃபோர்க்கில் பிளேடின் மேல்பாதி அந்தக் கோட்டிலேயே இறங்கி, கீழ்ப்பாதியில்தான் முன்னால் வளைய வேண்டும். கிரௌனுக்குக் கீழேயே பிளேடு கோட்டைவிட்டுப் பின்னால் விலகினால் மோதல் நடந்திருக்கிறது.

அதோடு ஓட்டத்தில் ஒரு வித்தியாசமும் தெரியும். ஃபோர்க் மட்டும் ஒடுங்கினால் ரேக் குறைகிறது, டிரெயில் கூடுகிறது, கைப்பிடி கனமாகத் திரும்பும். பிரேம் மடங்கினால் மேலே சொன்னபடி படபடக்கும். இரண்டும் ஒருசேர நடந்திருந்தால் ஒன்றையொன்று ஈடுகட்டி ஓட்டம் சாதாரணமாகவே தோன்றும். அதனால்தான் ஓட்டிப் பார்த்து மட்டும் பிரேம் வாங்கக் கூடாது.

ஃபோர்க்கைக் கழற்றியதும் ஸ்டீரரையும் பாருங்கள். ஹெட்செட்டைச் சரியாக இறுக்கிய பிறகும் ஒரு பக்கம் திருப்பினால் இறுக்கம், மறுபக்கம் தளர்வு என்று வந்தால் ஸ்டீரர் கிரௌனுக்கு மேலே வளைந்திருக்கும். அந்த ஃபோர்க்கை ஒதுக்கிவிடுங்கள்.

பின்சக்கரம் ஒருபக்கச் செயின்ஸ்டேயை ஒட்டி நிற்கிறது

செயின்ஸ்டே என்பது பி.பி.யிலிருந்து பின்முனைக்குப் போகும் குழாய். இந்தப் புகாரில்தான் அதிக பிரேம்கள் தேவையில்லாமல் வளைக்கப்படுகின்றன. மூன்று காரணங்கள் இருக்கலாம்: சக்கரத்தின் ரிம் நடுவில் இல்லை, பின்முனைகள் மொத்தமாக ஒருபக்கம் விலகியுள்ளன, அல்லது ஒரு முனை மற்றதைவிட மேலே இருக்கிறது.

முதலில் செயினைக் கழற்றிவிட்டு, ஆக்சிலை இரண்டு பக்கமும் பின்முனை வாயின் கடைசிவரை தள்ளி லேசாக இறுக்குங்கள். ரிம்முக்கும் சீட்ஸ்டேக்களுக்கும் (சேணத்தடியிலிருந்து பின்முனைக்கு இறங்கும் குழாய்கள்) உள்ள இடைவெளியை, அவற்றை இணைக்கும் பாலத்தருகில் இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். செயின்ஸ்டே பக்கத்தையும் எழுதுங்கள். இப்போது சக்கரத்தை இடம் வலமாகத் திருப்பி மாட்டி மறுபடி அளவெடுங்கள். டிராக் சக்கரத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அமைப்பு, அதனால் இது சுலபம். விலகல் எதிர்ப்பக்கம் மாறினால் குற்றம் சக்கரத்தில்: போக்ஸ் கம்பிகளை இழுத்து ரிம்மை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். விலகல் அதே பக்கம் நின்றால் குற்றம் பிரேமில். பாதி மாறிப் பாதி நின்றால் இரண்டிலும் இருக்கிறது. முதலில் சக்கரத்தைக் கோட்டம் எடுத்துவிட்டுத் திரும்ப வாருங்கள்.

பிரேம் என்றால் நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு பின்முனையில் நூலைக் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றிக் கொண்டுவந்து, மறு பின்முனையில் அதே இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். நூலுக்கும் சீட் டியூபுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் காலிப்பரால் அளங்கள். எந்தப் பக்கம் இடைவெளி குறைவோ, பின்முனைகள் அதற்கு எதிர்ப்பக்கம் விலகியிருக்கின்றன. சாதாரண அளவு பிரேமில் நூல் சீட் டியூபைக் கடக்கும் இடம், ஹெட் டியூபிலிருந்து பின்முனை வரையான தூரத்தில் ஏறக்குறைய 0.6 பங்கில் வரும். அதனால் இரண்டு பக்க வித்தியாசம் 2 மி.மீ. என்றால் பின்முனைகளின் நடு சுமார் 1.7 மி.மீ. விலகியிருக்கிறது. வித்தியாசம் 1 மி.மீ.க்குள் என்றால் தொடாதீர்கள், கையால் கட்டிய பிரேமுக்கு அது இயல்பு. 2 மி.மீ. தாண்டினால் சரிசெய்யலாம்.

நூல் சரியென்று சொல்லியும் சக்கரம் பாலத்தருகில் சாய்ந்தே நின்றால் மூன்றாவது காரணம்தான். 120 மி.மீ. அகலத்தில் ஒரு முனை 0.5 மி.மீ. மேலே இருந்தாலே, ரிம்மின் உச்சி 1.4 மி.மீ. சாயும். இங்கே முதல் சந்தேகம் பெயிண்டின் மேல்தான். புதிதாகப் பவுடர் கோட்டிங் போட்ட பிரேமில் ஆக்சில் உட்காரும் மேல்விளிம்பில் பூச்சு ஒருபக்கம் தடித்துக் கிடக்கும். குரோம் பூச்சிலும் திரள் இருக்கும். அதைச் சுரண்டி எடுத்து மறுபடி அளங்கள். எஃகை அரத்தால் அராவுவது கடைசி வழி, அதுவும் 0.3 மி.மீ.க்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் முனையைச் சூடாக்கிக் கழற்றி மறுபடி பற்றவைக்கத் தெரிந்தவரிடம் போக வேண்டும்.

ஹப் உள்ளே போகவில்லை, அல்லது தொளதொளவென்று நிற்கிறது

பழைய டிராக் பிரேமின் பின்னகலம் பெரும்பாலும் 110 மி.மீ., பின்னால் வந்தவற்றில் 120. முன்னே இன்றைய அளவு 100, பழைய பிரிட்டிஷ் ஃபோர்க்குகள் சில அதைவிடக் குறுகியவை. டிராக் ஹப்பில் முன் ஆக்சில் 9 மி.மீ., பின் ஆக்சில் 10 மி.மீ. பருமன்.

120 பிரேமில் 110 ஹப்: இரண்டு பக்கமும் 5 மி.மீ. ஸ்பேசர் சமமாகப் போடுங்கள். ஒரே பக்கம் 10 போட்டால் செயின் கோடு 5 மி.மீ. கெட்டுவிடும். ஸ்பேசர் போட்ட பிறகு ஆக்சில் நீளம் போதுகிறதா பாருங்கள். நட்டின் மரை முழுவதும் ஆக்சிலில் ஏற வேண்டும், இரண்டு மூன்று சுற்றுப் பிடிப்பில் ஓடக் கூடாது. ஸ்பேசர் இல்லாமல் நட்டை இறுக்கிப் பிரேமை நெருக்குவது மிக மோசம். பின்முனைகள் இணையாக இல்லாமல் உள்நோக்கிச் சாய்ந்துவிடும், ஆக்சில் வளைந்த நிலையிலேயே சுமை தாங்கி, ஒருநாள் முறியும்.

110 பிரேமில் 120 ஹப்: அசல் பிரேம் என்றால் விரிக்காமல் 110 ஹப் தேடுங்கள். பொறுமை இருந்தால் கிடைக்கும். விரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் 531 போன்ற சாதாரண ஸ்டீலில் மட்டும். ரெனால்ட்ஸ் 753 வெப்பப் பதம் ஏற்றிய மெல்லிய குழாய், அதைக் குளிர்நிலையில் வளைக்கக் கூடாது. விரிக்கும் முறை: 10 மி.மீ. மரைக்கம்பி ஒன்றை இரண்டு பின்முனைக்கும் நடுவே வைத்து, உள்பக்கம் வாஷரும் நட்டும் போட்டு, நட்டை வெளிநோக்கித் திருப்புங்கள். 125 வரை போய்த் தளர்த்துங்கள், எஃகு ஏறக்குறைய முழுவதும் திரும்பி வந்துவிடும். பிறகு 130, 135 என்று ஒவ்வொரு முறையும் தளர்த்தி அளந்துகொண்டே போங்கள். இரண்டு பக்கமும் சமமாக விரியாது. செயின்வீலுக்கு இடம் விட்டு நசுக்கிய வலது செயின்ஸ்டே முதலில் இணங்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் நூல் பிடித்துப் பாருங்கள். கடைசியில் பின்முனைகளை இணையாக்க மறக்காதீர்கள்.

விசையோடு மிதித்தால் பின்சக்கரம் இடப்பக்கம் திரும்பிக்கொள்கிறது

செயின் வலப்பக்கம் ஆக்சிலை முன்னால் இழுக்கிறது. வலது நட்டு வழுக்கினால் ரிம்மின் முன்பகுதி இடது செயின்ஸ்டேயில் உரசும். ஆக்சில் வாய் பின்பக்கம் திறந்திருப்பதால் சக்கரம் வெளியே விழாது, ஆனால் செயின் தளர்ந்து கழன்றால் ஃபிக்ஸட் கியரில் (பெடலும் பின்சக்கரமும் எப்போதும் சேர்ந்தே சுற்றும் அமைப்பு) அது பெரிய விபத்து.

நட்டோடு இணைந்திருந்தும் தனியே சுழலும் வாஷர் உள்ள டிராக் நட்டுதானா என்று பாருங்கள். வாஷரின் பல் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பின்முனையின் முகத்தில் பெயிண்ட் இருந்தால் நட்டு பெயிண்டைத்தான் பிடிக்கிறது, எஃகை அல்ல. நட்டு உட்காரும் வட்டத்தில் சுரண்டி எடுங்கள். நட்டின் மரையில் ஒரு துளி எண்ணெய் போட்டு, 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். தடித்த அடித்துச் செய்த முனைகள் இதைத் தாங்கும். தகட்டை வெட்டிச் செய்த மலிவான முனைகள் நாளடைவில் பள்ளம் விழுந்து, நட்டைப் பழைய இடத்துக்கே இழுக்கும். அவற்றுக்குச் செயின் இழுப்பான் போடுவது நல்லது.

சக்கரம் வாயின் எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் முக்கியம். வாயின் வெளிநுனியில் பாதி வாஷர் தொங்கினால் எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. சரிசெய்யும் கணக்கு சுலபம்: முன்னாலோ பின்னாலோ ஒரு பல் கூட்டினால் ஆக்சில் 3.2 மி.மீ. முன்னால் வரும், குறைத்தால் அதே அளவு பின்னால் போகும். செயினில் ஒரு முழு இணை, அதாவது ஓர் அங்குலம், சேர்த்தால் 12.7 மி.மீ. பின்னால் போகும். 48×15இல் (முன்னால் 48 பல், பின்னால் 15) சக்கரம் சீட் டியூபை உரசுகிறது என்றால், செயினுக்கு ஓர் இணை சேர்த்து முன்னால் 49 போட்டால் 9.5 மி.மீ. இடம் கிடைக்கும். பிரேமைத் தொடாமலே பிரச்சினை தீரும்.

செயின் ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தால் செயின்வீல் நடுவில் இல்லை. ஐந்து போல்ட்டுகளையும் விரல் இறுக்கத்துக்குத் தளர்த்தி, இறுகும் இடத்தில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் செயினை மெல்லத் தட்டி, சுற்றிப் பார்த்து, மறுபடி இறுக்குங்கள். மிகவும் இறுகும் இடத்திலும் நடுவில் மொத்தம் 10 மி.மீ. அளவு மேலும் கீழும் அசைய வேண்டும்.

ஸ்ப்ராக்கெட்டின் (பின் பல்சக்கரம்) பூட்டு வளையம் இடது மரை, அதாவது இடப்பக்கம் திருப்பினால் இறுகும். சாதாரண வளையம் 1.29 அங்குலம், கம்பான்யோலோ ஹப்புக்கு 1.32. சிறிய வளையத்தைப் பெரிய மரையில் வலுக்கட்டாயமாக ஏற்றினால் ஹப்பின் மரையே போய்விடும்.

வளைவில் வலது பெடல் தரையைத் தொடுகிறது

ஓடுதளத்தில் எப்போதும் இடஞ்சுழியாகத்தான் ஓட்டுவார்கள், அதனால் சரிவின் மேடு வலப்பக்கம். மெதுவாகப் போகும்போது சைக்கிள் சரிவுக்குச் செங்குத்தாகச் சாய்வதில்லை, வலப்பக்கம் தரை நெருங்கி வரும். 250 மீட்டர் மரத்தளங்களில் சரிவு 42 டிகிரிக்கும் மேல். லண்டன் ஹெர்ன் ஹில் போன்ற 1891இல் தொடங்கிய பெரிய வெளித்தளத்தில் சரிவு மிகக் குறைவு. அங்கே நன்றாக ஓடிய பழைய பிரேம் உள்ளரங்கத் தளத்தில் பெடல் உரசினால் அது பிரேமின் குற்றமல்ல.

பி.பி. உயரத்தை அளங்கள். டிராக் பிரேமில் 285 மி.மீ. அளவில் இருக்கும். ஆக்சில் கோட்டைவிட பி.பி. 50 மி.மீ. தாழ்வு என்பது இதற்குப் பொருள். 165 கிராங்கோடு கீழே 120 மி.மீ. மிஞ்சும். சாலை பிரேமில் தாழ்வு 70, கிராங்க் 170 என்றால் 95தான். உங்கள் அளவு 275க்குக் கீழே வந்தால், சாலையும் தளமுமாகக் கட்டிய பிரேமாக இருக்கலாம். நீண்ட கிராங்கை மாற்றி 165 போடுங்கள், அகன்ற பெடலை மாற்றிக் குறுகலான டிராக் பெடல் போடுங்கள். இன்னும் போதவில்லை என்றால் அந்தத் தளத்துக்கு வேறு பிரேம் வேண்டும்.

உடல் முன்னால் வழுக்குகிறது, கை மரத்துப்போகிறது

சீட் டியூப் கோணம் ஒரு டிகிரி நிமிர்ந்தால், 730 மி.மீ. சேணம் உயரத்தில் உட்காரும் இடம் ஏறக்குறைய 12 மி.மீ. முன்னால் வரும். 73 டிகிரி சாலை வண்டியிலிருந்து 75க்கு வருபவர் 25 மி.மீ. முன்னால் உட்காருகிறார். குறுகிய நேரம் முழு விசையில் மிதிப்பதற்கான அமைப்பு அது. நீண்ட நேரம் ஓட்டுவதாக இருந்தால் சேணத்தை அதன் அடிக்கம்பிகளில் முடிந்தவரை பின்னால் தள்ளுங்கள், போதாவிட்டால் பின்தள்ளிய சீட் போஸ்ட் போடுங்கள். சேணத்தின் மூக்கை மேலே தூக்கிச் சமாளிக்க வேண்டாம்.

சீட் போஸ்ட் தானே இறங்கினால் அளவு தவறு. 531 இரட்டைத் தடிமன் குழாய்க்கும் கொலம்பஸ் எஸ்.எல்.லுக்கும் 27.2 மி.மீ. பிரெஞ்சு அளவுக் குழாய்க்கு 26.4 அளவில் வரும். லக்கின் வெட்டுக்குக் கீழே, உள்ளே காலிப்பரை விட்டு அளங்கள். மேல்வாய் நசுங்கியிருந்தால் அங்கே அளந்தது பொய். 0.2 மி.மீ. சிறிய போஸ்டைப் போட்டு இறுக்கிக்கொண்டே போனால் லக்கின் காது ஒடியும்.

பி.பி. கப் பாதியில் நின்றுவிடுகிறது

அங்கேயே நிறுத்துங்கள். பிரிட்டிஷ் கூடு 68 மி.மீ. அகலம், மரை 1.37 அங்குலம், வலது கப் இடது மரை. இத்தாலியக் கூடு 70 மி.மீ. அகலம், 36 மி.மீ. மரை, இரண்டு பக்கமும் வலது மரை. பிரெஞ்சு 35 மி.மீ., அங்கும் இரண்டும் வலது மரை. 35 மி.மீ.யே ஆனாலும் சுவிஸ் கூட்டில் வலது கப் இடது மரை. கூட்டின் அகலத்தையும் உள்விட்டத்தையும் அளக்காமல் கப்பைத் திருப்பக் கூடாது. இத்தாலிய பிரேமில் ஓட ஓட வலது கப் தளர்ந்தால், அது அந்த மரையின் இயல்பு. மரையையும் கப்பையும் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, பூட்டும் பசை போட்டு இறுக்குங்கள்.

கைப்பிடி நேர்முகத்தில் 'டக்' என்று மாட்டுகிறது

ஹெட்செட் கப்பில் பால்ஸ் குழி போட்டிருக்கிறது. கீழ்க் கப்பையும் ரேஸையும் மாற்றுங்கள். பால்ஸ் அளவு பார்த்து வாங்குங்கள்: சாதாரணமாக 5/32 அங்குலம், கம்பான்யோலோ ரெக்கார்டில் 3/16. கிரௌன் ரேஸ் உட்காரும் இடம் ஐரோப்பிய பிரேமில் 26.4, ஜப்பானியதில் 27.0. புதிதாக மாற்றியும் சீக்கிரமே குழி விழுந்தால் ஹெட் டியூபின் இரு முகங்களும் இணையாக இல்லை, முகம் சீவும் கருவியால் சீவ வேண்டும்.

ஃபோர்க்கில் பிரேக் துளை இல்லை

டிராக் ஃபோர்க்கின் பிளேடு உருண்டை. ஸ்பிரிண்டர் பக்கவாட்டில் முறுக்கும் விசையைத் தாங்கத்தான் அப்படி. சாலை ஃபோர்க்கின் முட்டை வடிவம் முன்பின் விசைக்கு, அதாவது பிரேக் பிடிக்கும் விசைக்கு. பழைய கிரௌனைத் துளைப்பது அதன் வலுவையும் மதிப்பையும் சேர்த்துக் குறைக்கும். சாலையில் ஓட்ட பிரேக் கட்டாயம் வேண்டும், அதில் பேரம் இல்லை. அதற்குத் துளையோடு கட்டிய வேறு ஃபோர்க் ஒன்றை, மேலே சொன்ன டிரெயில் கணக்குப் பார்த்து வாங்கி, அசலைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள்.

ஃபோர்க் பின்னோக்கி வளைந்திருக்கிறது, முன்சக்கரம் சின்னது

இதைப் பார்த்ததும் யாரோ தப்பாக மாட்டிவிட்டார்கள் என்று திருப்பி மாட்டத் தோன்றும். வேண்டாம். இது ஸ்டேயர் வண்டி, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஓடும் பந்தயத்துக்கானது. அந்தப் பந்தயம் 1994 வரை உலகச் சாம்பியன்ஷிப்பில் இருந்தது. மோட்டார் சைக்கிளின் பின்னால் நீட்டிய உருளையை ஒட்டி ஓட்ட முன்சக்கரம் சிறிதாக, ஏறக்குறைய 24 அங்குலத்தில் இருக்கும். ஃபோர்க் பின்னோக்கி வளைவதால் ஓட்டுபவர் காற்று மறைவுக்குள் இன்னும் நெருங்குகிறார், டிரெயிலும் பெரிதாகிறது. ஆரம் 300, கோணம் 75, ரேக் பின்னோக்கி 20 மி.மீ. என்று கணக்கிட்டால் டிரெயில் 100 மி.மீ. முன்னோக்கித் திருப்பினால் அதுவே 60ஆக இறங்கிவிடும். மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் அந்த 100தான் வண்டியை நேராக வைத்திருக்கிறது.

இந்த வண்டியில் பார்க்க வேண்டியவை வேறு. சேணத்தின் மூக்குக்கு டாப் டியூபிலிருந்து ஒரு முட்டுக்கம்பி, கைப்பிடி ஸ்டெமுக்கு இன்னொன்று இருக்கும். இரண்டின் பிடிப்பு போல்ட்டுகளிலும் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். டியூபுலர் டயர் வெறும் பசையில் நிற்காமல், போக்ஸ் கம்பிகளுக்கு நடுவே ரிம்மையும் டயரையும் சேர்த்துத் துணிப்பட்டையால் சுற்றியிருந்தால், அதைப் பழைய அழுக்குத் துணி என்று வெட்டி எறிய வேண்டாம். டயர் வெடித்தாலும் ரிம்மைவிட்டுக் கழலாமல் பிடித்து வைப்பது அதுதான். துணி இற்றுப்போயிருந்தால் டயரைப் புதுப் பசையில் ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, அதே இடைவெளிகளில் புதுப் பட்டை சுற்றுங்கள்.